கோளாறை அப்படியே விட்டுவைத்த தங்கச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று இரவு நம் நிரலின் சோதனைகள் எல்லா இடத்திலும் ஓடி முடிந்தன. போகவந்தலாவையிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் ஹட்டனில் என் மேசையிலும் ஒரே விடைதான் வந்தது. முழுதும் பச்சை, எல்லாம் பாஸ். எனக்கு இன்னும் நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் சொல்ல வந்தது ஆறிப்போய்விடும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும்: இலங்கை மலையகத்து நம் ஆட்களின் பழைய கடதாசிகளில் பெயர் தேடும் நம் நிரல், சேர்த்து வைத்த பெயரையே இல்லை என்று சொல்லிவிட்டது. யார் யார் தூங்கவில்லை என்பதும் தெரியும். ஆகவே நேரே நன்றிக்கு வருகிறேன். முதல் நன்றி போகவந்தலாவைத் தங்கச்சிக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அதனால் போடவில்லை.

அவள் செய்ததை ஒரு வரியில் சொன்னால் சின்ன விஷயமாகத்தான் தெரியும். தன் கணினியில் கெட்டுப்போயிருந்த ஒன்றை, நாங்கள் பார்த்து முடிக்கும்வரை, கெட்டபடியே விட்டுவைத்தாள்.

அதன் அருமை நிரல் எழுதுபவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அவளிடம் இருப்பது இரவல் வாங்கிய விண்டோஸ் மடிக்கணினி. அதற்குள்ளேயே டபிள்யூ.எஸ்.எல். 2 மூலம் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் ஓடுகிறது. தோட்டத்துப் பெரியவர்களின் பழைய கடதாசிகளைத் தட்டெழுதிச் சேர்க்கும் ஃபோல்டரை, விண்டோஸிலிருந்தும் திறக்க வசதியாக, சி டிரைவில் வைத்திருந்தாள். அந்த ஃபோல்டரை லினக்ஸின் சொந்த இடத்துக்கு மாற்றினால் வேகமாக ஓடும், மைக்ரோசொஃப்டே அப்படித்தான் சொல்கிறது என்று யாரோ அவளுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். யோசனை சரியானதுதான். மாற்றியிருந்தால் அவளுடைய தொல்லை அந்த நிமிடமே தீர்ந்திருக்கும். எங்களுடையது தீர்ந்திருக்காது. எங்கள் ஒருவரிடமும் அந்தத் தவறு அப்படி வரவேயில்லை.

அவள் மாற்றவில்லை. எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: "அக்கா, எடத்த மாத்துனா சரியாகும்னு சொல்றாங்க. மாத்திரவா? இல்ல நீங்க பாக்குற வரைக்கும் இப்பிடியே வச்சிருக்கவா?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. தன் வேலை தடைப்பட்டு நிற்கும்போது, இதை நான் சரிசெய்துவிட்டால் உங்களுக்குத் தடயம் போய்விடுமோ என்று யோசிக்க ஒரு மனம் வேண்டும். வைத்திரு என்றேன். வைத்திருந்தாள். சிக்னலுக்காகக் கோயில் மேட்டுக்கு ஏறி, திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ரீலோட் காசு கொடுக்கிறேன் என்றபோது கோபித்துக்கொண்டாள்.

அந்தப் படங்களில் ஒன்றில்தான், எந்த டிரைவ் எந்த முறையில் இணைந்திருக்கிறது என்று காட்டும் மவுண்ட் கட்டளையின் வரி இருந்தது. சி டிரைவுக்கு நேரே 9பி என்றும், கொஞ்சம் தள்ளி எம்மேப் என்றும். 9பி என்பது பெல் ஆய்வகத்தில் பிளான் 9 இயங்குதளத்துக்காகச் செய்த நெறிமுறை. ஒரு கணினியின் கோப்புகளை இன்னொரு கணினி கேட்டு வாங்குவதற்கானது. டபிள்யூ.எஸ்.எல். 2 இல் இருக்கும் லினக்ஸ், விண்டோஸின் கோப்புகளை இப்படிக் கேட்டுத்தான் வாங்குகிறது. பார்க்க டிஸ்க் மாதிரி இருந்தாலும் உள்ளே நடப்பது கேள்வியும் பதிலும்.

ஆனால் முடிச்சை அவிழ்த்தது அந்த வரி மட்டுமல்ல. இன்னொரு நாள் அவள் இதையும் எழுதினாள்: "அக்கா, படபடன்னு ஓட்டுனா தப்பாகுது. எடையில அம்மாவுக்கு பிளேன்டீ ஊத்திக் குடுத்துட்டு வந்து பாத்தா சரியா வருது. இது தேவையான்னு தெரியல. சொல்லிட்டேன்."

தேவையானது அதுதான். நாங்கள் டீபகரில் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதெல்லாம் சோதனை பாஸாகி எங்களைக் குழப்பிக்கொண்டிருந்தது. நம் நிரல் கோப்பைத் திறப்பது எம்மேப் வழியாக, அதாவது கோப்பை நினைவகத்தோடு பொருத்தி, நினைவகம் போலவே படித்து எழுதும் முறையில். இந்த மேப் வழியாக எழுதியது முதலில் லினக்ஸின் நினைவகத்தில், 4096 பைட் பக்கங்களாக நிற்கிறது. லினக்ஸின் மையமான கேர்னலின் வழக்கமான அமைப்பில், அப்படி நிற்கும் பக்கங்களை 5 செக்கனுக்கு ஒரு தடவை பார்த்து, 30 செக்கனைத் தாண்டியவற்றைக் கோப்புக்கு அனுப்பும். ஒரு கப் பிளேன்டீ ஊற்ற அதைவிடக் கூட நேரம் ஆகும். டீபகரில் ஒரு வரியைப் பார்த்து யோசிக்கவும் அப்படித்தான்.

எக்ஸ்ட்4 போன்ற சாதாரண லினக்ஸ் டிஸ்கில் இது வெளியே தெரியாது. மேப் வழியாக எழுதினாலும் ரீட் என்ற சாதாரண வாசிப்பு வழியாகப் படித்தாலும் இரண்டுக்கும் ஒரே பேஜ் கேஷ், அதாவது நினைவகத்தில் அந்தப் பக்கங்கள் நிற்கும் ஒரே இடம். எழுதியது உடனே தெரியும். தங்கச்சியின் மவுண்டில் ரீட் நேரே விண்டோஸிடம் போய்க் கேட்கிறது. மலையில் கொழுந்து நிறுத்ததும் கணக்கப்பிள்ளை கைப்புத்தகத்தில் எழுதிவிடுவார். ஒஃபிசில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறுவதற்கு முன்னால் போய்க் கேட்டால் ஒஃபிஸ் பழைய கணக்கைத்தான் சொல்லும். இங்கேயும் அதேதான். பிழைச்செய்தி ஒன்றும் வராது. பழையதைப் புதியதுபோல எடுத்துக் கொடுக்கும்.

மற்ற இடங்களில் வேறு முகங்கள். பண்டாரவளைத் தம்பியிடம் இருப்பது கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் பழைய வேர்ச்சுவல்பொக்ஸ்; அதன் பகிர்வு ஃபோல்டரில், எழுதக்கூடிய மேப்பைக் கேட்டவுடனேயே 'இன்வேலிட் ஆர்கியுமென்ட்' என்று மறுத்தது. பதுளையில், கேர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாகவே கோப்பு முறைமை ஓடவிடும் ஃபியூஸ் வழியாக, கேஷைத் தொடாத நேரடி முறையில் ஏற்றிய கோப்பு முறைமை 'நோ சச் டிவைஸ்' என்றது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்பவற்றின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவற்றுக்கு மாற்றுவழி செய்துவிடலாம். பயந்தது சத்தமில்லாத அந்த ஒன்றுக்குத்தான்.

ஏன் அவ்வளவு பயம் என்று சிலர் கேட்டீர்கள். வேறு ஏதாவது நிரலாக இருந்தால் நானும் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். 2023 இல், நம் ஆட்கள் இந்த மலைகளுக்கு வந்து 200 வருடம் என்று நினைவுகூர்ந்தபோது, ட்ரங்குப் பெட்டிகளிலிருந்து எவ்வளவு கடதாசி வெளியே வந்தது! தோட்டத்துக் கடன் எழுதிய துண்டுகள், பிறப்புப் பதிவுகள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு நிரப்பிய விண்ணப்பங்களின் பிரதிகள், இந்தியாவுக்குப் போனவர்கள் எழுதிய கடிதங்கள். அவற்றில் பெயர் தேடுவதற்குத்தான் நம் நிரல். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினிகளிலும் ஓட வேண்டும் என்பதால்தான் சுட்டியை, அதாவது எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை, முழுதாக ஏற்றாமல் எம்மேப் வழியாகத் திறக்கிறோம். நோர்வூட் ஐயா தன் தகப்பனாரின் பெயரைத் தேடியபோது, அதைத் தட்டெழுதிச் சேர்த்த பிறகும், நிரல் 'இல்லை' என்றது. 1948 குடியுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாகிப்போன ஆட்கள் நாங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்ற பதிலை எங்கள் தாத்தா பாட்டிமார் வேண்டிய அளவு கேட்டுவிட்டார்கள். இருக்கிற பெயரை இல்லை என்று சொல்லும் ஒன்று நம் கையாலேயே செய்ததாக இருக்கக் கூடாது. அந்த ஒரு நினைப்புத்தான் என்னைப் படுக்க விடவில்லை.

ஐயா, நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மறுபடியும் தேடிப் பாப்போம் மகள்" என்றீர்கள். அதற்கும் என் நன்றி.

பண்டாரவளைத் தம்பி, பழைய வேர்ச்சுவல்பொக்ஸை அழிக்காமல் வைத்திருந்து நாங்கள் கேட்ட நேரமெல்லாம் ஓட்டிக் காட்டினார். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கும் இருவர் பரீட்சைக்கு நடுவில் ஃபியூஸ் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கரண்ட் போன இரவில் ஹட்டன் கொமினிகேஷன் கடை அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கி, ஜெனரேட்டரில் எனக்கு ஒரு பிளக் கொடுத்தார். தலவாக்கலை டீச்சர் தமிழ்ச் சோதனைத் தரவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். முகம் தெரியாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களை எழுதியவர்கள், மேப்பில் செய்த மாற்றம், அதைக் கோப்புக்கு அனுப்பச் சொல்லும் எம்சிங்க்கைக் கூப்பிடாவிட்டால், மேப்பை விடுவிப்பதற்கு முன் கோப்புக்குப் போய்ச்சேரும் என்று உறுதியில்லை என்று எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். எம்மேப்பையும் ரீட், ரைட்டையும் கலந்து பாவித்தால் ஒத்திசைவை நிரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போசிக்ஸ் தரநிலையும் சொல்கிறது. இரவு இரண்டு மணிக்கு அந்த வரிகளைப் படிக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி தைரியம் வந்தது.

இப்போது நிரல் தொடங்கியதும், சுட்டி இருக்கும் அதே ஃபோல்டரில் ஒரு சின்னக் கோப்பை உண்டாக்கி, மேப் வழியாக எழுதி, ரீட் வழியாகப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துவராவிட்டால் எம்மேப்பை விட்டுவிட்டு சாதாரண வாசிப்பு எழுத்துக்கு மாறிவிடும். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. ஒத்துவந்தாலும் வேறு வழியாகப் படிப்பதற்கு முன் எம்சிங்க் கட்டாயம். அப்புறம், ஒரு கணினியையே மென்பொருளாக ஓட்டும் கியூ.இ.எம்.யு.வில் 9பி மவுண்ட் ஒன்றை அமைத்து, தங்கச்சியின் மடிக்கணினி மாதிரியே ஒரு சூழலை நிரந்தரமாக வைத்திருக்கிறோம். அதில் பாஸாகாமல் இனி எந்த வெர்ஷனும் வெளியே போகாது. இது என் வாக்கு.

இன்னொரு வாக்கும் உண்டு. யார் தவறு என்று சொல்லி வந்தாலும், நான் முதலில் கேட்பது அவர்களுடைய கோப்பு எந்த மவுண்டில் இருக்கிறது என்பதாகத்தான் இருக்கும். எனக்குச் சரியாக ஓடுகிறதே என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன். இரவல் கணினியில், இரவல் சிக்னலில் வேலை செய்பவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுடைய கணினியில் ஓடினால்தான் அது ஓடுவதாகக் கணக்கு.

தங்கச்சி, இது உனக்கு. "தேவையான்னு தெரியல" என்று எழுதிவிட்டு, பிறகும் சொன்னாயே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே. கெம்பஸ் போனதும் பெரிய பெரிய ஆட்களோடு வேலை செய்வாய். அங்கேயும் இப்படியே சொல். உன் தட்டெழுத்து வேலை எங்களால் பின்தங்கிவிட்டது. அதில் மீதியுள்ள கடிதங்களைப் பங்கு போட்டு முடிக்க தலவாக்கலை டீச்சரும் நானும் சனிக்கிழமை வருகிறோம். அம்மாவிடம் சொல்லி வை.

புது வெர்ஷனைப் போட்டுவிட்டாய் அல்லவா? சரி, இனி அந்த ஃபோல்டரை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து உன் அக்கா