பிள்ளை நல்லா கவ்வுதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் முதல் வாரம், உலகத் தாய்ப்பால் வாரத்துக்காக நீங்கள் போட்டிருந்த சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். கட்டுரைகள் நன்றாக இருந்தன. ஆனால் கடைசிப் பக்கத்தில் தாய்ப்பால் ஆலோசகர்களுக்கென்று கொடுத்திருந்த கலைச்சொல் பட்டியல் என்னைத் தூங்கவிடவில்லை. கிராம சுகாதாரச் செவிலியராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் உள்ள சொற்களில் பாதியை எந்தத் தாயிடமும் நான் சொன்னதில்லை, எந்தத் தாயும் என்னிடம் சொல்லிக் கேட்டதுமில்லை.

ஆங்கிலத்தில் 'அட்டாச்மென்ட்' என்பதற்கு 'இணைப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். கேஸ் இணைப்பு, மின் இணைப்பு என்று கேட்டுப் பழகிய காதில் இது எப்படி விழும்? எங்கள் பக்கத்துப் பெண்கள் 'கவ்வுதல்' என்பார்கள். 'பிள்ளை நல்லா கவ்வுதா?' என்று கேட்டால் புரியாத தாய் கிடையாது. வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தையும் சேர்த்துப் பிடிப்பது, கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கியிருப்பது, தாடை மார்பில் பதிவது, இதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. கவ்வாத பிள்ளை என்ன செய்யும்? காம்பை மட்டும் சப்பும். தாய்க்குக் காம்பு வெடித்துப் புண்ணாகும், பிள்ளைக்கு வயிறு நிறையாது. சப்புவது வேறு, குடிப்பது வேறு என்பதைப் பயிற்சி வகுப்பில் அரைமணி நேரம் படம் போட்டு விளக்குவார்கள். நம் கிழவிகள் 'சும்மா சப்பிக்கிட்டு கெடக்கு, குடிக்கல' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கறுப்பு வட்டத்துக்கு நீங்கள் கொடுத்திருக்கும் சொல் 'கருவளையம்'. உங்கள் இதழிலேயே அழகுக் குறிப்புப் பகுதியில் கண்ணுக்குக் கீழே வரும் கருவளையத்துக்கு உருளைக்கிழங்குச் சாறு தடவச் சொல்கிறீர்கள்!

சொல் தவறினால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். சிசேரியன் ஆன மூன்றாம் நாள், 22 வயசுப் பெண். தலைப்பிரசவம். இரண்டு மார்பும் கல் மாதிரி இறுகி, தொட்டால் சுடுகிறது. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் கையிலிருந்த அட்டையைப் பார்த்து, 'மார்பகத்தில் கட்டி ஏற்பட்டுள்ளது, பயப்பட வேண்டாம்' என்று படித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நான் போனபோது அந்தத் தாய் ராத்திரி முழுக்க அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். அவளுடைய அத்தை மார்பில் கட்டி வந்து இறந்தவர். 'ஏம்மா, பால் கட்டியிருக்கு, அவ்வளவுதான்' என்றேன். வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுத்து, கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு மார்பு இளகியதும் பிள்ளையை வைத்தோம். கவ்விக்கொண்டது. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் பக்கத்துக் கட்டிலுக்கே கேட்டது. 'கட்டி இருக்கிறது' என்பதற்கும் 'பால் கட்டியிருக்கிறது' என்பதற்கும் நடுவில் அந்தப் பெண்ணின் ஓர் இரவு போய்விட்டது. (ஒரு பக்கம் மட்டும் சிவந்து, குளிர்காய்ச்சலும் வந்தால் அது வேறு விஷயம். உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், ஆனால் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. இதற்கு உங்கள் பட்டியலில் 'மார்பக அழற்சி' என்று இருக்கிறது. அழற்சி என்றால் என்னவென்று எத்தனை தாய்க்குத் தெரியும்?)

'கொலஸ்ட்ரம்' என்பதை அப்படியே விட்டுவிட்டது எனக்கு ரொம்ப வருத்தம். சீம்பால் என்று எவ்வளவு அழகான சொல் இருக்கிறது! மாடு வைத்திருக்கும் வீட்டில் கன்று குடித்ததுபோக மிஞ்சும் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து, தெருவுக்கே கொடுப்போம். அதே வீட்டில் மருமகளுக்கு மஞ்சளாக வரும் முதல் பாலை 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கீழே ஊற்றியதையும் பார்த்திருக்கிறேன். 'கன்னுக்குட்டிக்கு சீம்பால் குடுக்காம விடுவீங்களா பெரியம்மா?' என்று ஒரு கேள்விதான் கேட்பேன். பெரியம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பிள்ளையை எடுத்து மருமகள் மடியில் வைப்பார்.

'பிரத்யேகத் தாய்ப்பால்' என்ற சொல்லில் இன்னொரு சிக்கல். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள். 'தாய்ப்பால் மட்டும்தானே கொடுக்கிறே?' என்று கேட்டால்கூட எல்லோரும் ஆமாம் என்பார்கள். கொஞ்சம் கிண்டிக் கேட்டால்தான் வெளியே வரும்: பிறந்த அன்றைக்கு சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் நாக்கில் வைத்தது, வெயிலுக்குத் தண்ணீர், குளிப்பாட்டியதும் வசம்பு உரசி ஒரு சங்கு, ஒரு நாள் கழுதைப்பால், அப்புறம் கிரைப் வாட்டர். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் தண்ணீரும் மருந்தும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. அதனால் 'தண்ணிகூட வாயில வைக்கலியே?' என்றுதான் நான் கேட்பேன். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் வெயில் பயம் போய்விடும்.

'மஞ்சள் காமாலை'யைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குக் கல்லீரல் கெட்டு வருவதற்கும் பிறந்த குழந்தைக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் வருவதற்கும் ஒரே சொல் என்பதால், தாய்க்கு உப்பில்லாப் பத்தியம் வைத்துப் பாலை நிறுத்துகிறவர்கள் உண்டு. பாலை நிறுத்தினால் மலம் குறையும். மலத்தில் வெளியேற வேண்டிய மஞ்சள் உடம்பிலேயே தங்கிவிடும். வார்டில் நாங்கள் 'பிள்ளைக்கு மஞ்சள் இருக்கு' என்று மட்டும்தான் சொல்வோம். அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற வரியைப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள்.

நம் சொல் மருத்துவத்துக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் பாலாடையைக் காட்டுங்கள். உறிஞ்சத் தெரியாத குறைமாதப் பிள்ளைக்குப் பீய்ச்சிய பாலைப் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். எங்கள் பக்கம் சங்கு என்போம். இந்தியக் குழந்தை மருத்துவர்களின் ஆங்கிலக் கையேடுகளிலேயே 'பாலாடை' என்று அப்படியேதான் அச்சாகிறது.

உங்கள் பட்டியல் முழுக்க ஆலோசகர் தாயிடம் பேச வேண்டிய சொற்கள். தாய் ஆலோசகரிடம் பேசும் சொற்கள் ஒன்றுகூட இல்லையே. மாந்தம், செவ்வாப்பு, தொக்கம், உரம் விழுதல் என்று பிள்ளைக்கு வரும் நோவுகளுக்கு அவர்கள் சொல்லும் பெயர்களெல்லாம் எங்கே? ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், 12 நாள் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த ஓர் இளம் ஆலோசகர் நோட்டில் 'தாயும் சேயும் நலம்' என்று எழுதியிருந்தார். 'அவங்க ஏதாவது சொன்னாங்களா?' என்று கேட்டேன். 'ஏதோ உரம்னு சொன்னாங்க சிஸ்டர், தோட்டத்துக்குப் போல' என்றார். அவர் மேல் தப்பில்லை. நகரத்தில் வளர்ந்த பெண், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் ஓடினேன். தூக்கும்போது சுளுக்கிக்கொண்டது, அதனால்தான் பால் குடிக்க மாட்டேங்குது, சாயங்காலம் சேலையில் போட்டு உருட்டி உரம் எடுக்கப் போகிறோம் என்றார் பாட்டி. பிள்ளை விடியற்காலையிலிருந்து கவ்வவே இல்லை. கால் இரண்டும் ஜில்லென்று இருந்தது. மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு 60-ஐத் தாண்டியது. 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரத்தத்தில் கிருமித் தொற்று என்றார்கள். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்தப் பட்டியலைப் புத்தகமாகப் போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன், ஏதாவது ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில், பார்வையாளர் நேரத்தில், பாட்டிமாரும் இருக்கும்போது அதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் எந்தச் சொல்லுக்கு 'என்னது?' என்று கேட்கிறார்களோ, அதற்கு என்ன சொல்வீர்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'உரம் விழுந்திருக்கு என்று தாய் சொன்னால், பிள்ளை கடைசியாக எப்போது பால் குடித்தது என்று முதலில் கேட்கவும்' என்ற வரியை மட்டும் நான் இப்போதே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மன்னார்குடி.