நகலெடுத்த விதிமுறைகள் கடைக்காரரைக் காக்காது

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னிமலை பெட்ஷீட், காஞ்சிபுரம் பட்டு, ஊறுகாய், மசாலாப் பொடி என்று எதை விற்கும் இணையதளமானாலும், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ‘விதிமுறைகள்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல தளங்களில் அது எங்கிருந்தோ அப்படியே நகலெடுத்ததாக இருக்கும். ‘கலிபோர்னியா மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது’ என்ற வரிகூட அப்படியே நிற்கும். கடையின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் அடைப்புக்குறி மட்டும் இருக்கும்.

இதற்குக் காரணம் பேமென்ட் கேட்வே. பணம் செலுத்தும் இணைப்பைக் கொடுக்கும் முன், விதிமுறைகள், தனியுரிமை, ரீஃபண்ட், தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ரீஃபண்டுக்கு எத்தனை நாள் என்பது வணிகரின் தளத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. வெப் டிசைனர் அவசரத்துக்கு ஒன்றை எடுத்து ஒட்டுகிறார். இணைப்பு கிடைத்த பிறகு அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை, நோட்டீஸ் வரும்வரை.

முதலில் மாட்டுவது ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வரி. வாடிக்கையாளர் மனம் மாறித் திருப்பி அனுப்புவதை மறுக்கலாம், அது வேறு. பொருள் பழுதாகவோ, போலியாகவோ, தளத்தில் காட்டியதற்கு மாறாகவோ இருந்தால் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்கின்றன நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020. சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலும் அதே கதிதான். வெள்ளம் போன்ற காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. பழுதான பொருளை எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று பில்லில் குறிப்பிடாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 30 நாள் என்று எடுத்துக்கொள்ளும். சேலைத் தளங்களில் இப்போது பரவியிருக்கும் ‘பார்சலைக் கட் செய்யாமல் பிரித்த வீடியோ இருந்தால்தான் ரிட்டர்ன்’ என்பதும் கடைக்காரரே போட்டுக்கொண்ட நிபந்தனைதான். வீடியோ நல்ல சாட்சி, சந்தேகமில்லை. ஆனால் வீடியோ இல்லை என்பதை மட்டும் சொல்லிக் கிழிந்த சேலைக்குப் பொறுப்பில்லை என்று எந்தச் சட்டத்தின் கீழும் வாதாட முடியாது.

அடுத்தது, ‘வழக்குகள் சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டவை’ என்பது. 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, நாகர்கோவிலில் வசிப்பவர் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அந்த வரியைக் காட்டி அவர் உரிமையைப் பறிக்க முடியாது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. 1,200 ரூபாய்ப் பொருளுக்காகக் கடைக்காரர் அங்கே வக்கீல் வைப்பதைவிட ரீஃபண்ட் கொடுப்பது மலிவு.

பட்டாசுத் தளங்கள் தனிக் கதை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மின்வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் வாங்கத் தடை விதித்தது. அதன் பிறகு ‘இது விலை விசாரிக்க மட்டுமே, ஆர்டருக்கு அல்ல’ என்ற பொருளில் ஒரு வரியைப் போட்டுவிட்டு, ஆர்டர் போடும் ‘கார்ட்’ பட்டனை அப்படியே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரியை நம்பி யார் தூங்க முடியும்?

எழுதியது செல்லாமல் போவது ஒருபுறம் இருக்க, எழுதியே ஆக வேண்டியது பல தளங்களில் இல்லை. சட்டப்படியான பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், குறைதீர் அலுவலரின் பெயரும் பதவியும் தளத்தில் இருக்க வேண்டும். வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இங்கே நடப்பது என்னவென்றால், தொடர்புப் படிவத்தில் எழுதுவது டிசைனர் எப்போதோ உருவாக்கிய ஜிமெயிலுக்குப் போய் ஸ்பேமில் கிடக்கும். தன் படிவத்தில் தானே ஒரு புகார் அனுப்பிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரைவேட் லிமிடெட் என்றால் முகப்புப் பக்கத்திலேயே பதிவு அலுவலக முகவரியும் சிஐஎன் என்ற நிறுவனப் பதிவு எண்ணும் வேண்டும். பொட்டலப் பொருளுக்கு எம்ஆர்பி, நிகர எடை, தயாரிப்பாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள் என்பவை வேண்டும். பாக்கெட் படத்தில் மங்கலாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாமல் எழுத்தில் போடுவதே நல்லது. உணவுப் பொருளுக்கு 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண்ணையும் போடுங்கள்.

தனியுரிமைப் பக்கத்தை நகலெடுப்பதில்தான் ஆபத்து அதிகம். ‘உங்கள் கார்டு விவரங்களைப் பாதுகாப்பாகச் சேமிக்கிறோம்’ என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். 2022 அக்டோபர் 1 முதல் கார்டு வழங்கிய வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமிக்கவே கூடாது. செய்யாத குற்றத்துக்குத் தானே வாக்குமூலம் எழுதிக் கொடுப்பது போன்றது இது. சம்மதப் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைப்பதும் கூடாது. டெலிவரிக்கு வாங்கிய எண்ணுக்கு விளம்பரம் அனுப்பும் பழக்கத்தையும் இப்போதே நிறுத்த வேண்டும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

அந்தச் சட்டம், சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல் தமிழ் உள்ளிட்ட, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளிலும் படிக்க வழி செய்யச் சொல்கிறது. சிறு கடைக்காரர் தமிழில் நல்ல வாசகத்துக்கு எங்கே போவார்? மாநிலக் குறு, சிறு தொழில் துறையும் மாவட்ட வணிகர் சங்கங்களும் சேர்ந்து, துணி, உணவு, கைவினை என்று தனித்தனியாக மாதிரி விதிமுறைகளைத் தமிழில் வெளியிட வேண்டும். ரீஃபண்ட் நாள்கள், குறைதீர் அலுவலர் பெயர், முகவரி ஆகியவற்றை மட்டும் கடைக்காரர் நிரப்பும்படி அவை இருக்கட்டும். அவை வரும்வரை, கலிபோர்னியாவை மட்டுமாவது இன்றே அழித்துவிடலாம்.

இப்படிக்கு,
நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள்,
ஈரோடு