என்ட்ரி போட ஓர் ஆளைத் தாருங்கள்

சுகாதாரத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

போன மாத ரிவ்யூ மீட்டிங்கில் கிராம சுகாதார செவிலியர்களான எங்களில் மூத்த சிஸ்டர் ஒருவரை எல்லோர் முன்னும் நிற்க வைத்தார்கள். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிகிற பிக்மி இணையதளத்தில் அவருடைய என்ட்ரி பெண்டிங். "அன்றைக்கு முழுக்க ஃபீல்டில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "பேசிக்கொண்டிருந்தேன் சார்" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அவர் யாரோடு பேசினார் என்று யாரும் கேட்கவில்லை. ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியிருந்தது. மாதாமாதம் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்ததாகப் பதிவு சுத்தமாக இருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அலமாரி டப்பாவில் பிரிக்காத அட்டைகள். முதல் வாரம் விழுங்கியபோது குமட்டியிருக்கிறது, மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, அந்தப் பெண் பயந்துவிட்டாள். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியாரும் தடுத்துவிட்டார்.

சிஸ்டர் திட்டவில்லை. மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். மலம் கறுப்பது மாத்திரையால்தான், கெடுதல் இல்லை. டீ, காபியோடு போடக் கூடாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளி வைக்க வேண்டும். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்தால் சத்து நன்றாக உடம்பில் பிடிக்கும். பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பிரசவத்தில் ரத்தம் போனால், ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு அதைத் தாங்காது. கடைசியில் தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்தது அந்த மாமியார்தான். சிஸ்டர் நிலைமையை அன்றே மருத்துவருக்கும் சொல்லி, மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்தப் பெண்ணை வரவைத்தார்.

இதை எந்தக் கட்டத்தில் பதிவது, ஐயா? மாத்திரை கொடுத்தது பதிவாகிறது. அது தொண்டைக்குள் இறங்கியதா என்பதை, போய் உட்கார்ந்து பேசுகிற ஒருத்தியால்தான் சொல்ல முடியும்.

நம் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெருமைதான். இதைச் சொல்கிற அதே 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, இங்கே கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்றும் சொல்கிறது. மாத்திரைத் தட்டுப்பாடு மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பேச நேரம் இல்லை என்பதும் காரணம்.

பதிவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிக்மி எண் இல்லாவிட்டால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணத்துக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்தத் தாய்தான் அலைவாள், தெரியும். ஆனால் அதையும் நாங்களே, ஆபா என்கிற சுகாதார அடையாள எண்ணையும் நாங்களே, யூவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவையும் நாங்களே என்றால் எப்படி? ஓடிபி வருகிற கைபேசி கணவரிடம் இருக்கும். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிஃப்டில் இருப்பார். அவர் எடுக்கும்வரை திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணையில் நிற்கிறோம். அடுத்த வீட்டில், பிரஷர் குறைந்துவிட்டது என்று மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்ட பெரியவர் இருக்கிறார். குறைந்ததே மாத்திரையால்தான் என்று அவருக்கு யார் சொல்வது? என்ட்ரி போட ஓர் ஆளைத் தாருங்கள், நாங்கள் போய்ச் சொல்கிறோம்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது உங்கள் கணக்கு. பக்கத்து நிலையத்தில் பணியிடம் காலியானால் அந்த 5,000 பேரும் எங்கள் தலையில். தண்ணீர் வராத கட்டடம், பூட்டு உடைந்த கழிப்பறை, சாயங்காலத்தோடு நின்றுபோகிற பேருந்து. ராத்திரி வலி வந்து அழைத்தாலும் எடுக்கிறோம். இத்தனைக்கும் பிறகு, மீட்டிங்கில் எங்களை அளக்க உங்களிடம் இருப்பது திரையில் தெரிகிற பச்சையும் சிவப்பும் மட்டும்தான். அதுதான் வலிக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததை மரியாதையோடு கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கணினிப் பதிவுக்கென்று ஓர் ஆளை நியமியுங்கள். நாங்கள் ஃபீல்டு நோட்டில் எழுதித் தருகிறோம், அவர் ஏற்றட்டும். நியமனத்துக்கு நாளாகும் என்றால், புதன்கிழமை தடுப்பூசி போடுவதற்கு ஒதுக்கியதுபோல வாரத்தில் இன்னொரு நாளை வீடுகளுக்குப் போய்ப் பேசுவதற்கு மட்டும் ஒதுக்கி ஆணை போடுங்கள். அன்றைக்கு எந்த என்ட்ரியும் கேட்காதீர்கள். அடுத்த ரிவ்யூ மீட்டிங்குக்குள் ஒரு பதில் வந்தால் நன்றியோடு இருப்போம்.

பணிவுடன்,
ஒரு கிராம சுகாதார செவிலியர்