மாணிக்கத்துக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. அணு உலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு முட்டி வலியை ஒரே வரியில் முடித்திருக்கிறாய், அப்படியென்றால் நீ இன்னும் டாக்டரைப் போய்ப் பார்க்கவில்லை. அதை உன் வீட்டுக்காரம்மாவிடம் விசாரித்துக்கொள்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். சிங்கப்பூர் அணு மின்சாரம் பக்கம் போனால், பக்கத்தில் இருக்கிற மலேசியாக்காரர்களான நாங்கள் என்ன நினைக்கிறோம்?

நான் எதிரி இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்க் கணக்கு எனக்குப் புரிகிறது. மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது, அந்த வாயுவும் எங்களிடமிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாயில், மற்றது கப்பலில். சூரியத் தகடு போட கூரையையும் நீர்த்தேக்கத்தையும் விட்டால் வேறு இடம் ஏது? 2012-ல் ஆராய்ந்து பார்த்து, அன்றைக்கு இருந்த உலைகள் சரிப்படாது என்றார்கள். 2022-ல் வேறொரு குழு, 2050 வாக்கில் பத்தில் ஒரு பங்கு அணுவிலிருந்து வரக்கூடும் என்றது. 2024 ஜூலையில் அமெரிக்காவோடு 123 ஒப்பந்தம் என்கிற அணு ஒத்துழைப்பு ஒப்பந்தம், அடுத்த வருஷம் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணு ஆய்வு, பாதுகாப்புக் கழகத்துக்கு 66 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). கட்டுவதாக முடிவே எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே ஆட்களைத் தயார் செய்கிறார்கள். உங்கள் ஆட்கள் காரியம் செய்கிற விதமே அதுதானே.

எங்கள் கதை வேறு. 2011 தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு நிறுவனம் வைத்து இரண்டு உலை கட்டப்போவதாகச் சொன்னார்கள், அந்த மார்ச் மாதமே ஜப்பானில் ஃபுகுஷிமா உலை விபத்து. 2018-ல் அப்போதைய பிரதமர் மகாதீர் வேண்டவே வேண்டாம் என்றார். இப்போது 13-ஆவது மலேசிய ஐந்தாண்டுத் திட்டத்தில் மறுபடியும் வந்துவிட்டது, 2025 ஜூலையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ரூபியோ கோலாலம்பூர் வந்தபோது புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தானது. பாங்கியில் 1982-லிருந்து ஓடுகிற சின்ன ஆராய்ச்சி உலையைத் தவிர நமக்குக் கையில் அனுபவம் கிடையாது.

இந்த 123 காகிதத்தை நம்மவர்கள் ரொம்பப் பெரிதாகப் பேசுகிறார்கள். அது இல்லாமல் அமெரிக்கக் கம்பெனி உலையையோ எரிபொருளையோ வெளியே விற்க முடியாது, வாங்கியது ஆயுதமாக மாறக்கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. எங்கே கட்டுவது, யாருக்கு எத்தனை பங்கு, கழிவு யார் மண்ணில் இருக்கும் என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம்.

ஸ்லோவேனியாவைப் பற்றி நான் தேடிப் படித்ததே அதனால்தான். பரப்பளவில் கிட்டத்தட்ட நம் பேராக் மாநிலம் மாதிரி, ஜனத்தொகை அதைவிடக் குறைவு, இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அங்கே கிர்ஷ்கோ என்ற ஊரில் 1983-லிருந்து ஓர் அணு மின்நிலையம், 700 மெகாவாட் சுமார், பாதி ஸ்லோவேனியாவுக்குப் பாதி குரோவேஷியாவுக்கு. இரண்டும் யுகோஸ்லாவியாவாக இருந்த காலத்தில் சேர்ந்து கட்டியது. நாடு உடைந்ததும் சொத்துத் தகராறு. 1998-ல் குரோவேஷியாவுக்கு மின்சாரம் நின்றது, 2001-ல் புது ஒப்பந்தம் போட்டும் 2003-ல்தான் திரும்ப வந்தது, இடையில் வராத மின்சாரத்துக்கு நஷ்டஈடு கேட்டுப் போன வழக்கு 2015-ல்தான் முடிந்தது, ஸ்லோவேனியா கட்ட வேண்டும் என்று. இத்தனைக்கும் நடுவில் உலை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது! 2043 வரை ஓட்டவும் அனுமதி வாங்கிவிட்டார்கள்.

ஆனால் கழிவு விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பொதுவாக ஓர் இடம் என்று பேசிப் பேசி, 2019-ல் அது நடக்காது என்று ஆகி, குறைந்த, நடுத்தரக் கதிர்வீச்சுக் கழிவை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது என்று பிரித்துக்கொண்டார்கள். குரோவேஷியா தன் பங்குக்குத் தேர்ந்தெடுத்த இடம் போஸ்னியா எல்லையோரம். உனா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற போஸ்னியாக்காரன், அந்த உலையிலிருந்து ஒரு யூனிட் கூட வாங்காதவன், இன்றைக்குக் கொடி பிடிக்கிறான். உட்லண்ட்ஸில் உன் வீட்டு ஜன்னலிலிருந்து ஜொகூர் தெரியும் என்று சொல்வாயே, அதை வைத்து யோசித்துப் பார். ஃபுகுஷிமாவில் உலையைச் சுற்றி 20 கிலோமீட்டர் தூரம் வரை ஆட்களை வெளியேற்றினார்கள், உங்கள் தீவு கிழக்கு மேற்காகவே 50 கிலோமீட்டர்தான். சின்ன உலைகளுக்கு அவ்வளவு தூரம் வேண்டியதில்லை என்கிறார்கள், இருக்கலாம். ஆனாலும் உலை ஜொகூர் பாலத்துக்கு எந்தப் பக்கம் வந்தாலும் பயம் இரண்டு பக்கத்துக்கும் பொது.

நம் பக்கத்து ஆட்களுக்குக் கழிவு என்றால் புக்கிட் மேராதான். நம் வயதுக்காரர்கள் ஈப்போ பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளீயம் கழுவி எடுத்தபின் மிஞ்சுகிற அமாங் மணலிலிருந்து அரிய மண் தாது எடுக்க 1982-ல் ஜப்பானியப் பங்கோடு ஆலை வந்தது, தோரியம் கலந்த கழிவைப் போட இடம் பார்க்காமலே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். வழக்குப் போட்டு 1992-ல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் ஜனங்கள் ஜெயித்தார்கள், அடுத்த வருஷம் மேல்முறையீட்டில் தோற்றார்கள், 1994-ல் கம்பெனியே மூடிக்கொண்டு போனது. அது மின்சார உலை இல்லை, இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது என்று உன் மகன் சொல்வான், அவன் சொல்வது சரிதான். ஆனால் கழிவுக்கு இடம் பார்ப்பதைக் கடைசியில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை.

அப்புறம் ஒரு விஷயம். இப்போது தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுவது முக்கால்வாசி வங்காளதேசப் பையன்கள். ரொட்டிக் கடையில் என் பக்கத்தில் உட்கார்கிற ஒருவன் பாப்னா மாவட்டத்துக்காரன், கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். முன்னால் நெல் வயல், அதில் அவன் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறான், பின்னால் ரூப்பூர் அணு மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள், தென்னை மரம் எல்லாம் புல் மாதிரி தெரிகிறது. ரஷ்யா கட்டித் தருகிறது, 1,200 மெகாவாட் உலை இரண்டு, செலவில் 90 விழுக்காடு ரஷ்யக் கடன். எரிந்து முடிந்த எரிபொருளை ரஷ்யாவே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று 2017-லேயே எழுதி வாங்கிவிட்டார்கள். கடன் பாரம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த ஒரு வரியை எழுதி வாங்கியவனுக்குக் கை கொடுக்கலாம்.

என் எண்ணம் இதுதான். சேர்ந்து செய்வதென்றால் அந்தக் காலத்து மந்திரி சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்த மாதிரி செய்ய வேண்டும். வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்களே நம் அப்பாக்கள், ஒவ்வொருவர் பெயரிலும் பங்குப் பத்திரம் இருந்தது. இங்கே நிலம் எங்களுடையது, மின்சாரம் உங்களுடையது என்று போனால், அந்த நிலம் பெரும்பாலும் ஏதாவது ஒரு தோட்டமாகத்தான் இருக்கும். நம் பழைய தோட்டம் கைமாறியபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு ஒரு நோட்டீசும் கொஞ்சம் பணமும்தான் கிடைத்தது, கேட்க நாதியில்லை. அதனால் முதலில் பங்கையும் கழிவையும் எழுதட்டும், எந்த நாட்டு உலை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் மலேசியத் தீபகற்பத்திலிருந்து உங்களுக்குப் பசுமை மின்சாரம் 50 மெகாவாட் வரத் தொடங்கியது, 2022-லேயே லாவோஸ் நீர் மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக வரத் தொடங்கியிருந்தது. அளவு சின்னதுதான், ஆனால் மீட்டர் யாருடையது, பாதை வாடகை எவ்வளவு, தடைப்பட்டால் யார் பொறுப்பு என்று நாலு நாட்டு அதிகாரிகளும் பேசிப் பழகுகிறார்கள். அந்தப் பழக்கம் உலைக்கு முன்னால் வர வேண்டும்.

உன் மகன் அந்த ஆய்வுக் கழகத்துக்கு மனுப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய், போகட்டும், நல்ல வேலை. நேர்முகத்தில் ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டால், கழிவை எங்கே வைப்பதாக உத்தேசம் என்று கேட்கச் சொல். தைப்பூசத்துக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், ஈப்போ பஸ் நிலையத்துக்கு நானே காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். முட்டியைக் காட்டிவிட்டு வா.

உன்
சுப்பு