பில்லில் ஏ.எக்ஸ்., பெட்டியில் ஏ.சி.

அனுப்புநர்: லாட்ஜ் உரிமையாளர், காந்தி ரோடு, வேலூர்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: வைஃபை 6-க்குப் பணம் வாங்கிக்கொண்டு வைஃபை 5 மாட்டியது குறித்து.

ஐயா,

வணக்கம். எங்கள் லாட்ஜில் 18 அறைகள். தங்குகிறவர்கள் பெரும்பாலும் கொல்கத்தா, அசாம் பக்கமிருந்து வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் இருக்கிறவர்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எல்லா அறையிலும் ஊருக்கு வீடியோ கால்தான். அதற்காகவே போன மாதம் உங்களிடம் ஆறு வைஃபை கருவிகள் வாங்கினேன்.

5-ஆ, 6-ஆ என்று உங்கள் விற்பனை ஆளோடு அரை மணி நேரம் பேசித்தான் முடிவு செய்தேன். வைஃபை 5 மலிவு. ஆனால் அந்தத் தரம் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஓடும். எங்களுடையது பழைய கட்டடம், கனத்த செங்கல் சுவர். பின்கட்டு அறைகளுக்கு உருப்படியாகப் போய்ச் சேருவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். வைஃபை 5 கருவி 2.4-இல் பேசும்போது 2009-இல் வந்த 'என்' தரத்துக்கு இறங்கிவிடும். வைஃபை 6 இரண்டிலும் ஓடும். பல போன்களுக்கு ஒரே நேரத்தில் பங்கு வைத்தும் கொடுக்கும். அதனால்தான் கூடுதல் பணம் கட்டினேன். பில்லிலும் வைஃபை 6-ஐக் குறிக்கும் 'ஏ.எக்ஸ்.' என்றே போட்டிருக்கிறீர்கள்.

மாட்டிய நான்காம் நாள் 14-ஆம் அறைக்காரர் போனைக் கொண்டுவந்து காட்டினார். திரையில் அவர் பேத்தியின் முகம் பாதி வாயோடு நின்றுபோயிருந்தது. ஏணி போட்டு ஏறி, கருவியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்: 'ஏ.சி. 1200'. ஏ.சி. என்றால் வைஃபை 5. ஆறிலும் அதேதான்.

கேட்டால், "1200 இருக்கே சார், போதாதா?" என்கிறார் உங்கள் ஆள். 2.4 அலைவரிசையின் உச்ச வேகம் 300-ஐயும் 5-இன் 867-ஐயும் (எம்.பி.பி.எஸ். கணக்கில்) கூட்டி ரவுண்டாக்கிய எண் அது. காட்பாடி பஸ் 40-இல், ஆற்காடு பஸ் 40-இல் போனால், பயணி 80-இல் போகிறான் என்பீர்களா?

போதாக்குறைக்கு 2.4-இல் ஆறையும் ஒன்றோடொன்று மோதும்படி ஒரே சேனலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்கா பையன் வந்து 1, 6, 11 என்று பிரித்துப் போட்டபின் கொஞ்சம் தேவலை. பழைய போன்களில் 6-இன் பலன் பெரிதாகத் தெரியாது என்று உங்கள் ஆள் இப்போது சொல்வது உண்மைதான். விற்கும்போது ஏன் சொல்லவில்லை?

பத்து நாளில் ஆறையும் மாற்றித் தர வேண்டும், அல்லது முழுப் பணம் வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில் நகலும் படங்களும் இணைத்துள்ளேன்.

ஆள் அனுப்பினால் காலை பத்துக்கு மேல் அனுப்புங்கள். எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.

இப்படிக்கு,
லாட்ஜ் உரிமையாளர்