செயலாளரின் ஆண்டறிக்கை: மாநாடுகளில் ஆள் தேடிய ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் தொழில் உரிமையாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எமது சங்கத்தின் நிர்வாகசபை வழமைபோல் கூடியது. சந்தா, காரியாலய வாடகை பற்றிய தீர்மானங்கள் கூட்டக் குறிப்பில் இருக்கின்றன. இவ்வறிக்கையின் பெரும்பகுதியைத் துறைசார் மாநாடுகளிலும் கண்காட்சிகளிலும் எமது உறுப்பினர்கள் திறமையான இளையவர்களைத் தேடிய முறைக்கே ஒதுக்குகிறேன்.

அரிசி ஆலை, கராஜ், கட்டுமானம், மென்பொருள் என எத்தொழிலை எடுத்தாலும் 'ஆள் இல்லை' என்ற பேச்சே எமது கூட்டங்களில் கேட்கிறது. ஆனால் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. படித்தவர்கள் எமது வாசலிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ புறப்படுமுன் எம்மைச் சந்திக்க வேண்டும். அதற்கு மாநாடே உகந்த இடம். நேர்முகப் பரீட்சையில் வாய் திறக்கத் தயங்கும் மாணவர், தான் செய்த ஆய்வைப் பற்றி யாராவது கேட்டால் நேரம் போவது தெரியாமல் விளக்குவார்.

மேசை போட்டு, பதாகை கட்டி, சுயவிபரக் கோவைகளை வாங்கி அடுக்குவதை நிறுத்துமாறு உறுப்பினர்களை வற்புறுத்தினோம். அதன் பலனை ஓர் அரிசி ஆலை உரிமையாளரின் காட்சிக்கூடத்தில் கண்டேன். இரண்டு நெல் மாதிரிகளையும் ஈரப்பதமானியையும் அவர் வைத்திருந்தார். கருவியைத் தொடாமல், எந்த நெல்லில் 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பலர் கையால் அளைந்து பார்த்தார்கள். விவசாயக் குடும்பத்து மாணவி ஒருவர் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னார். ஈர நெல்லைத் தீட்டினால் குறுணல் கூடும் என்று விளக்கியதுடன், ஆலையில் நெல்லை எங்கே, எவ்வளவு நேரம் உலர்த்துகிறீர்கள் என்றும் கேட்டார். பரீட்சைப் பெறுபேற்றுத் தாளில் தெரியாத திறமை அந்தக் கேள்வியில் தெரிந்தது. இன்று அவ்வாலையின் தரப் பரிசோதனை அவர் பொறுப்பில் இருக்கிறது. கராஜ் உரிமையாளர்கள் பழுதான நீர்ப்பம்பி ஒன்றை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பழுதான இயந்திரம் எமது ஊரில் கிடைக்காத பொருளா?

காட்சிக்கூடத்துக்கு முகாமையாளரை அனுப்புவதைவிட, அதே நிறுவனத்தில் அண்மையில் சேர்ந்த இளையவரை அனுப்புவது மேல். 'அண்ணா, உண்மையிலே எப்படி இருக்கிறது?' என்று மாணவர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். சம்பளத்தை வெளிப்படையாக எழுதி வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 வீதம், ஊழியரிடமிருந்து கழிக்கும் 8 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதம் ஆகியவற்றையும் எழுதுங்கள். அரச உத்தியோகத்துக்காகக் காத்திருக்கச் சொல்லும் பெற்றோர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். கண்காட்சியின் இறுதி நாளுக்குப் பெற்றோரையும் அழைக்க வேண்டும் என்று நான் பலமாக நம்புகிறேன். பிள்ளை சம்மதித்த பின்னும் வீட்டில் தடைப்பட்ட நியமனங்களை நாம் அனைவரும் அறிவோம்.

விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் மௌனம் காக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. இது இளையவர்களை அவமதிக்கும் செயல். வேலை இல்லையென்றாலும் ஒரு வாரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் எமது சங்கத்தில் ஏகமனதாக நிறைவேறியது. மாநாட்டுத் தேநீர் இடைவேளையில் சக உறுப்பினரின் ஊழியரை இழுக்கக் கூடாது என்ற தீர்மானம் நீண்ட விவாதத்தின் பின்னரே நிறைவேறியது. எனினும் ஊழியர் தாமாக வேறிடம் தேடினால் அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை.

போக்குவரத்துப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பெண்கள் மாலை அமர்வு முடியுமுன்னே பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். வேலை பற்றிப் பேசக் கிடைக்கும் நேரமும் அதுதான். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் மாநாட்டு நாட்களுக்கு வாகனமொன்றை வாடகைக்கு அமர்த்தும் யோசனையைப் புதிய நிர்வாகசபையிடம் கையளிக்கிறேன். அதற்கான செலவு மதிப்பீட்டைப் பொருளாளர் கணக்கறிக்கையுடன் சமர்ப்பிப்பார்.

நன்றி.
செயலாளர்