நண்டுக் குட்டைக்கும் கஞ்சிப்பாசி வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தொண்டி பக்கம் வளமாவூரில் 127 கோடி ரூபாயில் அமையும் கடற்பாசிப் பூங்கா பற்றிப் படித்தேன். பாசி என்றாலே கடலில் மிதக்கும் மூங்கில் தெப்பத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கரையில் குட்டை வெட்டி நண்டு வளர்க்கும் எங்களுக்கும் பாசி வேண்டும், அதிலும் அகர் எடுக்க உதவும் கஞ்சிப்பாசி வேண்டும்.

ஓடு கழற்றிய தண்ணி நண்டை மலிவாக வாங்கி, சதை பிடிக்கும்வரை மூன்று, நான்கு வாரம் வைத்து விற்பது எங்கள் தொழில். தீனி சங்காயம் என்கிற கழிவு மீன். தின்றது போக மிச்சம் அடியில் அழுகும். சேறு கறுத்துக் கூமுட்டை வாடை வந்தால் மூக்கே சொல்லிவிடும். அழுகலிலும் நண்டின் கழிவிலும் வரும் அம்மோனியா அப்படி மூக்குக்குத் தெரியாது. வெயிலும் தண்ணீரின் காரமும் ஏற ஏற அதன் நஞ்சு கூடும். டீசல் மோட்டார் ஓட்டித் தண்ணீர் மாற்றினால் நம் நண்டு பிழைக்கும். ஆனால் அந்த அழுக்கு வாய்க்கால் வழியே அடுத்தவர் குட்டைக்குப் போகிறதே!

அதனால் குட்டையின் ஒரு பக்கம் கயிறு கட்டி, கஞ்சிப்பாசியைக் கொத்துக் கொத்தாகச் செருகி, தண்ணீருக்குச் சற்றுக் கீழே விட்டிருக்கிறேன். அம்மோனியாவை அது உரமாக உறிஞ்சிக்கொள்கிறது. சோதனைக் குழாயில் குட்டைத் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால், முன்பு அம்மோனியா மிகுந்து கரும்பச்சையாக மாறும். இப்போது பெரும்பாலும் மஞ்சளிலேயே நிற்கிறது. ஓடு கழற்றும் நண்டு மற்றதன் கொடுக்குக்குத் தப்பிப் பாசிக்குள் பதுங்குவதையும் பார்க்கிறேன்.

சும்மா போட்டுவிட்டால் மட்டும் ஆகாது. இலையில் சேறு படிந்தால் வெயில் படாது, கயிற்றைப் பிடித்து உதற வேண்டும். வளர்ந்ததை அறுத்து வெளியே எடுத்தாக வேண்டும். விட்டால் அழுகி, உறிஞ்சியதெல்லாம் தண்ணீருக்கே திரும்பிவிடும். இரவில் பாசியும் மூச்சு விட்டுத் தண்ணீரின் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் என்பதால் குட்டை முழுக்க அடைக்கவும் கூடாது.

இது புதுச் சங்கதியும் இல்லை. தைவானில் இதன் உறவுப் பாசியை நண்டு, பால்கெண்டை மீனோடு ஒரே குட்டையில் வளர்த்திருக்கிறார்கள். பாசிமேல் படரும் பச்சை நூலைப் பால்கெண்டை மேய்ந்துவிடும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், முனைக்காட்டில் கடல்விரால் மீன் வளர்க்கும் கூண்டுகளைச் சுற்றிப் பாசித் தெப்பம் விட்டு நல்ல விளைச்சல் கண்டது. ஆனால் அங்கே போட்டது கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. கடல் உப்பு குறைந்தால் அது தாங்காது. பவளப்பாறைமேல் படர்ந்து கெடுத்த கதையும் அதற்கு உண்டு. உப்பு ஓரளவு ஏறி இறங்கும் குட்டைக்கு நம் கஞ்சிப்பாசியே சரி.

எங்களுக்குத் தடை விதைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு அடியோடு இறங்கியதும் கஞ்சிப்பாசியும் கரைந்துபோகிறது. மறுபடி கடலில் பிடுங்கித்தான் கொண்டுவர வேண்டும். எல்லாரும் அப்படிப் பிடுங்கினால் கடலில் என்ன மிஞ்சும்? பூங்காவில் கஞ்சிப்பாசிக்கென்று ஒரு நாற்றங்கால் போட்டு, தை, மாசியில் உப்பு ஏறும் நேரத்தில் குட்டைக்காரர்களுக்கும் விதைப்பாசி விற்க மீன்வளத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
நண்டு வளர்ப்போர் ஒருவர்,
தொண்டி, ராமநாதபுரம் மாவட்டம்.